கட்டி அகன்ற பின் தொடங்கும் வைத்தியம்

மூளைக்கட்டிக்கு ஆளான குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருக்கும். ஆனால் பல குழந்தைகளுக்கு அதற்குப் பிறகுதான் நீண்ட வைத்தியம் ஒன்று தொடங்குகிறது: ஹார்மோன் குறைபாட்டுக்கான வைத்தியம். சதுரங்கப்பட்டினத்திலோ கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ இருக்கும் ஒரு குடும்பம், கட்டிக்காகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போவதில் நியாயம் இருக்கிறது. அந்த அறுவையையும் கதிர்வீச்சையும் எல்லா ஊரிலும் செய்ய முடியாது. ஹார்மோன் வைத்தியமோ வேறு வகை. அது வாழ்நாள் முழுக்க, அன்றாடம் நடப்பது. அதன் பெரும்பகுதி வீட்டுக்குப் பக்கத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளியிலும் நடந்தாக வேண்டும்.

ஏன் என்று புரிய, சேதம் எங்கே நேர்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டாணி அளவேயான பிட்யூட்டரி சுரப்பி மூளையின் அடிப்பகுதியில், எலும்புக் குழி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. அதை இயக்குவது அதற்கு நேர் மேலே உள்ள ஹைப்போதாலமஸ். குழந்தையின் வளர்ச்சி, தைராய்டு, பருவமடைதல், உடலின் நீர்ச்சமநிலை, நோய் வரும்போது தாக்குப்பிடிக்க உதவும் கார்டிசால் எல்லாம் இந்த இரண்டின் பொறுப்பு. குழந்தைகளுக்கு வரும் கிரேனியோஃபெரிஞ்சியோமா என்ற கட்டி இங்கேயே முளைக்கிறது. அது புற்றுநோய் வகையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் சுரப்பியோடும் பார்வை நரம்போடும் ஒட்டிக்கொண்டு வளர்வதால், கட்டி நசுக்கியதில் பாதி, அதை எடுக்கும்போது மீதி என்று ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. ஹைப்போதாலமஸ் அடிபட்டால் பசியும் கட்டுக்கடங்காமல் போகும்; குழந்தை மளமளவென்று பருமனாகும். பிள்ளைக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கிறாள் என்று தாயைச் சொல்வது பெரிய அநியாயம். அது மூளைக் காயத்தின் விளைவு.

கட்டி சுரப்பியை விட்டுத் தள்ளி இருந்தாலும் தப்பிவிட்டதாக எண்ண முடியாது. பின்மூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு முழு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். சாதாரண அபாய நிலையில் 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே என்பது வழக்கமான அளவு. ஏறத்தாழ 18 கிரே தாண்டினாலே வளர்ச்சி ஹார்மோன் குறையத் தொடங்கலாம். 30 கிரேயைத் தாண்டினால் தைராய்டையும் கார்டிசாலையும் தூண்டும் ஹார்மோன்களுக்கும் ஆபத்து. இந்தக் குறைபாடு உடனே தெரிவதில்லை. இரண்டு வருடம், ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் கழித்துத் தலைகாட்டும். அதற்குள் குடும்பம் சென்னைக்குப் போய்வருவதை நிறுத்தியிருக்கும். கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லாத வீட்டில், நன்றாக இருக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு முழு நாளைச் செலவழிக்கச் சொன்னால் எத்தனை வருடம் முடியும்? தென்னாசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் 2019இல் சென்னைத் தரமணியில் வந்துவிட்டது. சுற்றியுள்ள திசுக்களுக்கு நேரும் சேதத்தை அது குறைக்கும், உண்மைதான். ஆனால் முழு மூளைக்கும் கதிர் பாய்ச்ச வேண்டியிருந்தால் பிட்யூட்டரியும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் முதல் கருவியோ மிக மலிவானது: உயரம் அளக்கும் பலகை. செருப்பைக் கழற்றி, குதிகால், பிட்டம், தோள் மூன்றும் சுவரைத் தொட நிற்கவைத்து, பார்வை நேராக இருக்க, தலைமேல் அட்டையைப் படிய வைத்து அளக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அப்படியே. நான்கு வயதிலிருந்து பருவமடையும்வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டராவது வளர வேண்டும். 4 சென்டிமீட்டருக்கும் கீழே போனால் காரணம் தேட வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும் என்பது விதி. ஒருமுறை எடுத்த அளவு குழந்தை குட்டையா நெட்டையா என்று மட்டும் சொல்லும். போன வருட அளவை அதன் பக்கத்தில் வைத்தால்தான் வளர்ச்சி நின்றுவிட்டதா என்று தெரியும். கட்டி இன்னும் கண்டுபிடிக்கப்படாத குழந்தைக்கும் இதே அளவுதான் காவல். கிரேனியோஃபெரிஞ்சியோமா உள்ள பல குழந்தைகளில் தலைவலி வருவதற்கு வெகு முன்பே வளர்ச்சி தளர்ந்திருக்கும். ஜெர்மினோமா என்ற கட்டியில் தீராத தாகமும் ஓயாத சிறுநீரும்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

உயிர் முக்கியமா, உயரம் முக்கியமா என்று சிலர் கேட்கலாம். கேள்வியே தப்பு. கார்டிசால் சுரக்காத குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைக் காய்ச்சல் நாட்களில் இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான். பொடியாக இருக்கும் 100 மில்லிகிராம் குப்பியில் நீரைச் செலுத்திக் கரைத்து, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் பங்கு, பன்னிரண்டு வயதுவரை பாதி, அதற்கு மேல் முழுவதும் தொடையில் போட வேண்டும். இதைச் செய்ய நிபுணர் வேண்டியதில்லை. முன்கூட்டியே தெரிந்த ஒரு செவிலியர் போதும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படியொரு இரவில் இந்தக் கடற்கரையில் இப்படியொரு குழந்தை வாந்தி எடுத்தால் சென்னையில் எத்தனை பெரிய மருத்துவமனை இருந்து என்ன பயன்? நீர்ச்சமநிலைக்கான டெஸ்மோபிரசின் கையிருப்பு தீர்ந்தாலும், வளர்ச்சி ஹார்மோனை வைக்கும் குளிர்பெட்டி மின்வெட்டில் நின்றாலும் இதே கதைதான்.

இன்னொரு மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு: மாவட்டத்துக்கு இப்படிப்பட்ட குழந்தைகள் கொஞ்சப் பேர்தான், அவர்களுக்காக எல்லா இடத்திலும் ஹார்மோன் நிபுணரை வைக்க முடியுமா? முடியாது, வைக்கவும் வேண்டாம். வைத்தியத்தை வகுப்பது சென்னை நிபுணரின் வேலையாகவே இருக்கட்டும். எது முதலில், எது பிறகு என்பதில்கூட ஆபத்து இருக்கிறது. கார்டிசால் குறைபாட்டைச் சரிசெய்யாமல் தைராய்டுக்கான தைராக்சினை மட்டும் ஆரம்பித்தால் குழந்தை நிலைகுலைந்துவிடும். ஆனால் வகுத்த வைத்தியத்தை நடத்துவதும் கண்காணிப்பதும் வேறு வேலை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. நோயாளிகள் குறைவு என்பது இந்தக் குழந்தைகளையும் அதில் சேர்ப்பதற்குச் சாதகமான காரணம்தான். செலவு சிறியது, பெயர்ப்பட்டியலும் சிறியது.

வளர்ச்சி ஹார்மோன் போட்டால் கட்டி திரும்பிவிடும் என்ற பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. எந்தத் தாய்க்கும் முதலில் தோன்றும் பயம் அது. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளின் தரவுகளில், இந்த ஊசியால் பழைய கட்டி திரும்பும் வாய்ப்பு கூடவில்லை. 2022இல் பன்னாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும் அதையே சொல்கிறது. இரண்டாவதாக வேறொரு கட்டி வரும் அபாயத்தில் ஹார்மோனைவிடக் கதிர்வீச்சுக்கே பெரிய பங்கு. சிகிச்சை முடிந்து ஓராண்டு நோயில்லாமல் இருந்த பிறகே ஊசியைத் தொடங்குவது பொதுவான நடைமுறை. ஊசி விலை அதிகம் என்பது மறுக்க முடியாத உண்மை. அதற்கு அரசுக் காப்பீட்டின் கை நீள வேண்டும். ஆனால் விலையைக் காரணம் காட்டி, விலை குறைந்த ஹைட்ரோகார்டிசோனையும் தைராக்சினையும் சேர்த்துத் தள்ளிவைக்கக் கூடாது.

செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரியோ 1965 முதல் அங்கே இருக்கிறது. மாதம் ஒரு நாள், ஒரு ஓ.பி. அறை, ஒரு பதிவேடு, சென்னை நிபுணருடன் ஒரு வீடியோ அழைப்பு: ஆரம்பிக்க இவ்வளவு போதும். குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாள் தமிழில் தர வேண்டும்: என்ன குறைபாடு, என்ன மருந்து, காய்ச்சலில் எத்தனை மடங்கு, வாந்தியில் என்ன ஊசி, எவ்வளவு. அதன் நகல்கள் தலைமையாசிரியரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்க வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் குப்பி இரண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தக் குழந்தையின் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.