எலக்ட்ரானைப் பறிப்பதில் யார் கில்லாடி?

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், சற்று நேரத்தில் அதன்மேல் செம்பு படிகிறது. செம்பு அயனி இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது.

இந்தப் பறிக்கும் வலுவின் அளவுதான் திட்ட ஒடுக்க மின்னழுத்தம். ஹைட்ரஜன் மின்வாயை 0 வோல்ட் என வைத்து மற்றவற்றை அளக்கிறார்கள். இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34. எண் ஏற ஏற ஆக்சிஜனேற்றும் திறனும் ஏறும்: குளோரின் +1.36, அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட் +1.51, உச்சியில் ஃபுளூரின் +2.87.

கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனி இரண்டுக்கு இறங்க +0.77, அங்கிருந்து உலோகமாக −0.44. இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. முதல் படியில் 1 எலக்ட்ரான், அடுத்ததில் 2. அவற்றால் பெருக்கிக் கூட்டி, 3 ஆல் வகுக்க வேண்டும்: (0.77 − 0.88) ÷ 3 = −0.04 வோல்ட்.

முழு மின்கலத்துக்கு வெறும் கழித்தலே போதும். 1836இல் டேனியல் உருவாக்கிய துத்தநாக–செம்பு மின்கலத்துக்கு, 0.34 − (−0.76) = 1.10 வோல்ட்.