தட்டும் பெட்டியும்

பினாங்கு நாகூர் சாலையில் 1929 முதல் 1976 வரை ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருந்தது என்றால் நம்மில் பலர் நம்பமாட்டார்கள். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் மரபு. அந்தப் பத்துப் பேர் சேராமல் போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்று இங்கே யூதர் என்றாலே மத்தியக் கிழக்கு அரசியல்தான் நினைவுக்கு வரும். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஏழைகளுக்காக அவர்களுடைய சபைகள் பல நூற்றாண்டுகளாக நடத்திவந்த ஓர் ஏற்பாட்டைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துத் தானதர்மத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆசை.

ஏற்பாடு இரண்டு வகை. முதலாவது தட்டு. தினமும் வீடு வீடாக ரொட்டி, பழம், சமைத்த உணவு என்று வாங்கி, அன்று மாலையே பசித்தவருக்குப் பிரித்துவிடுவார்கள். உள்ளூர்க்காரரா வழிப்போக்கரா என்ற கேள்வி கிடையாது. இரண்டாவது பெட்டி. இதில் ஊரார் ஒவ்வொருவரும் தத்தமக்கு விதிக்கப்பட்ட தொகையைக் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஊர் ஏழைகளுக்கு ஒரு வாரத்துக்கான பணம் அதிலிருந்து போகும். வசூலுக்கு ஒருவர் தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். தட்டு இல்லாத ஊர்கள் உண்டு, பெட்டி இல்லாத யூத ஊரை மட்டும் தாம் பார்த்ததில்லை என்கிறார்.

அவரே தர்மத்துக்கு எட்டுப் படிகளும் வகுத்தார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கேட்ட பிறகு கொடுப்பதைவிடக் கேட்பதற்கு முன் கொடுப்பது மேல். கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியும், வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்குத் தெரியாது என்பது இன்னும் மேல். அந்தக் காலத்துப் பெரியவர்கள் காசைத் துணியில் முடிந்து முதுகுப் பக்கம் தொங்கவிட்டு நடப்பார்களாம். பின்னால் வருகிற ஏழை அவிழ்த்துக்கொள்வான். இவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதற்கும் மேலே சில படிகள் ஏறினால் உச்சியில் இருப்பது அன்னமும் இல்லை, ஆடையும் இல்லை. கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை போட்டுக்கொடுத்தோ ஒருவனை இனிமேல் கையேந்தாதபடி செய்வதே அது.

தட்டு விஷயத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கை யாரும் குறை சொல்ல முடியாது. ஜாலான் ராஜா அலாங்கில் தத் கால்சா திவான் குருத்வாராவுக்குள் தலையை மூடிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தால் போதும். பெயர், ஊர், மதம் எதையும் கேட்காமல் வாளியும் கரண்டியுமாக வந்து பருப்பு ஊற்றுவார்கள். ரொட்டிக்கு மட்டும் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். பெரிய வியாபாரியும் அன்றாடங்காய்ச்சியும் ஒரே வரிசையில் உட்காருவதால் யார் இல்லாதவன் என்று பிரித்தறிய வழியில்லை. மைமோனிடிஸ் பார்த்திருந்தால் இதற்கு எந்தப் படி கொடுத்திருப்பாரோ! 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, பெட்டாலிங் ஜெயா குருத்வாராவின் அடுப்புகளுக்கு முன்னால் எல்லா இனத்தவரும் நின்று வெங்காயம் உரித்தார்கள்.

அதே ஆண்டின் நடுவில், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் வருமானம் நின்றுபோன வீடுகள் சன்னலில் வெள்ளைத் துணியைக் கட்டின. வாய்விட்டுக் கேட்கவேண்டியதில்லை, கொடியைப் பார்த்து அக்கம்பக்கத்தார் அரிசி மூட்டையோடு வந்தார்கள். கேட்கக் கூசுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 2014 ஜூலையில் புக்கிட் பிந்தாங் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் வீடற்றவர்களுக்கு உணவு தரக்கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பையும் மறந்துவிட முடியாது. தட்டில் கை வைத்தால் இந்த ஊருக்குக் கோபம் வரும்.

நம் கோயில் அன்னதானமும் தட்டுதான். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பந்தலுக்குப் பந்தல் மோரும் புளிசாதமும். தாகத்தோடு நடக்கிறவனுக்கு அந்த மோர் அமிர்தம், மறுக்கவில்லை. ஆனால் பந்தலுக்கு மேலே தொங்கும் பதாகையில் கும்பிட்டுக்கொண்டிருக்கும் பிரமுகரின் படம் முருகன் படத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது, முதுகில் காசு முடிந்த அந்தப் பெரியவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெட்டிதான் நம்மிடம் இளைத்துப்போனது. எப்போதுமே அப்படி இருக்கவில்லை. 1904இல் யாழ்ப்பாணத் தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பத்தாண்டுக்குள் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. வயிற்றுக்கு ஒருவேளை சோறு என்பதோடு நிற்காமல் அடுத்த தலைமுறையின் பிழைப்பை யோசித்தவர்கள் அவர்கள். 2014இல் ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்ட அறங்காவலர்கள் திட்டமிட்டபோது ஊரே கொதித்தது. 2016இல் அது பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெட்டிச் சாவி சிலர் கையில் இருக்கும், கணக்குக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்த மூன்று பேர் விதி சும்மா எழுதப்படவில்லை.

இதே வட்டாரத்தில் வெள்ளைக் கோலோடு நடக்கிறவர்களைப் பாருங்கள். 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தொழிற்பயிற்சி பலரை உடம்புப்பிடி நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. விரலில் தொழில், பையில் சொந்தக் காசு. அந்த உச்சிப் படி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களை அந்தக் கடைகளுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸின் பெரிய தெருவுக்குப் பெயர் கொடுத்த அந்நாள் அமைச்சர் துன் சம்பந்தன் அந்தப் படியில் ஏறியவர்தான். ஆங்கிலேயத் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளர்கள் லயத்தை விட்டு வெளியேறும் நிலை வந்தபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டியவர்களிடம் மாதம் 10 வெள்ளி வாங்கித் தோட்டத்தையே வாங்கும் திட்டம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கியது. பெட்டியிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறவனும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடவேண்டும் என்று யூதச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. கொடூரமாகத் தோன்றலாம். அந்த 10 வெள்ளியை நினைத்தால் நியாயம் புரியும்.

இன்று கிள்ளான் அடுக்குமாடிகளில் பிள்ளையின் படிப்புக்கோ பழுதான லாரிக்கோ அவசரமாக ரெண்டாயிரம் வெள்ளி தேவைப்பட்டால் எங்கே போவது? வங்கி சம்பளச் சீட்டு கேட்கும். கூட்டுச் சீட்டு எடுக்க முறை வர வேண்டும். மிஞ்சியது வட்டி முதலை. தவணை தவறினால் கேட்டில் சிவப்புச் சாயம், பூட்டில் சங்கிலி, அண்டை வீட்டு வாசலில் நோட்டீஸ். அந்தக் குடும்பம் வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகும், பிரசாதமும் கிடைக்கும். கோயில் கமிட்டியிடம் இதைச் சொல்ல மட்டும் வழி இருக்காது.

நியூயார்க்கில் 1892இல் யூதக் குடியேறிகள் சிலர் தொடங்கிய வட்டியில்லாக் கடன் சங்கம் இன்னும் நடக்கிறது. ஜாமீன் கையெழுத்து உண்டு, வட்டி கிடையாது. ஒருவர் திருப்பிக் கட்டியது அடுத்தவருக்குப் போகும். கோயில் பணத்தைக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று நம்மூர்ப் பொருளாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவை மட்டும் ஒதுக்கி, வசூலுக்கு இரண்டு பேரையும் முடிவுக்கு மூன்று பேரையும் போட்டு, அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். வராக்கடன் எவ்வளவு என்பதை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கோடு வைக்கலாம்.