பயாப்சி பாட்டிலும் ஓர் அமானிதமே



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருவோரில் சிலர், "பயாப்சி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டுமாம். லேபில் ஏமாற்றுகிறார்களோ?" என்று கவலையோடு கேட்கிறார்கள். அங்கே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

உடலிலிருந்து எடுத்த சதை கெடாமல் காப்பது பார்மலின். அது மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே உள்ளே ஊறும். ஆழம் கூடக்கூட வேகம் குறையும். ஊறிய சதையை மெழுகுக் கட்டியில் (பிளாக்) பதித்து, 4 மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு! அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் எடுத்துச் சாயமேற்றுவார்கள்.

அந்த நீரில் முந்தைய நோயாளியின் துணுக்கு மிதந்தால் இந்த ஸ்லைடில் ஒட்டிவிடலாம். புற்றுநோய் இல்லாதவருக்கு இருப்பதாக வந்துவிட்டால் என்னாவது? அதனால்தான், பொருந்தாத துணுக்கு தனியே தெரிந்தால் மருத்துவர் பிளாக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மறுபடி சீவச் சொல்வார். பிளாக்கிலேயே அது கலந்திருந்தால், யாருடையது என்று டிஎன்ஏ சோதனையால் அறியலாம். ஆகவே மறுமுறை வெட்டுவது நமக்கான பாதுகாப்பு.

எலும்பு என்றால் தாமதம் கூடும். சுண்ணாம்புச் சத்தை அமிலத்திலோ ஈடிடிஏ திரவத்திலோ கரைத்த பிறகே கத்தி இறங்கும். இதற்குச் சில நாட்கள், சமயத்தில் வாரங்களும் ஆகும். அவசரப்பட்டு அமிலத்தைக் கூட்டினால் செல்கள் சாயம் பிடிக்காது. கொழுப்பு மிகுந்த மார்பகச் சதையிலும் பார்மலின் எளிதில் ஊறாது. ஹார்மோன் சோதனைக்குரிய மார்பகச் சதை 6 மணி முதல் 72 மணி நேரம் வரை பார்மலினில் இருக்க வேண்டும்.

பாட்டிலை நம் கையில் கொடுத்தனுப்பினால் கவனிக்க வேண்டியவை:

1. சதையைப் போல் குறைந்தது 10 மடங்கு பார்மலின் வேண்டும். தண்ணீரோ உப்பு நீரோ நாமாக ஊற்றக் கூடாது. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பார்மலின் ஆகாது. அது கிருமியைக் கொன்றுவிடும். எந்தப் பாட்டில் எதற்கு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பெயர்ச்சீட்டு மூடியில் இருந்தால் மாறிவிடும். பாட்டிலின் உடம்பில் இருக்க வேண்டும். முஹம்மது, ஃபாத்திமா என்ற பெயர்கள் நம்மில் எத்தனை! வயது, மருத்துவமனை எண், சதை எடுத்த இடம், நேரம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. அன்றே லேபில் சேருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பார்மலின் நச்சு; திறக்க வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

4. வெளியூர் மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மறுபடி சதை எடுக்கும் வேதனை மிச்சமாகும்.

அமானிதத்தை உரியவரிடம் பழுதின்றிச் சேர்ப்பது நம் கடமை. நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்