சன்னலில் மரம் தெரிந்தால் மனம் ஏன் ஆறுகிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். வயது, பாலினம் முதலியவற்றில் ஒத்த 23 இணைகள். ஒவ்வொரு இணையிலும் ஒருவருக்குப் படுக்கையிலிருந்து மரங்கள் தெரிந்தன, மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான், ஆனாலும் மருத்துவமனை வடிவமைப்பைப் பற்றியே யோசிக்க வைத்தது.

காரணம் என்ன? இலையசைவு கவனத்தை வலிந்து இழுப்பதில்லை. அதனால் முனைந்து கவனிக்கும் ஆற்றல் களைப்பாறுகிறது என்பது உளவியலாளர்களான கப்லான் தம்பதியின் விளக்கம். இயற்கைக் காட்சி உடலின் பதற்றத்தையே தணிக்கிறது என்பது உல்ரிக்கின் கருத்து. எப்படியாயினும், நோயாளியின் கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடச் செலவில்லை, உடனே செய்யலாம்.