‘மருந்தின் அளவை யார் முடிவு செய்வது?’ - மார்பகப் புற்றுநோயாளிகள் கிளப்பிய கேள்வி!

காய்ச்சல் மாத்திரையைக்கூட குழந்தைக்குப் பாதி, பெரியவருக்கு முழுசு என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். புற்றுநோய் மாத்திரையின் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? அமெரிக்காவில் இதைக் கேட்டவர்களில், அந்த மாத்திரைகளை விழுங்கும் நோயாளிகளும் உண்டு.

மார்பகத்தில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை என்று பரவிவிட்டால் அது நான்காம் நிலை. பெரும்பாலும் முழுசாகக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். ஒரு மருந்து கேட்கும்வரை அது, பிறகு அடுத்தது. இப்படியே பல வருடங்கள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆக, மருந்தின் பக்கவிளைவோடும் அத்தனை வருடங்கள் குடித்தனம் நடத்த வேண்டும்.

‘தாங்கும்வரை ஏற்று!’

புதிய புற்றுநோய் மருந்தை மனிதர்களிடம் முதலில் சோதிக்கும்போது, வழக்கமாக மூன்று பேருக்குக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். பெரிய பாதிப்பு இல்லையா? அடுத்த மூன்று பேருக்கு இன்னும் கூடுதலாக. கடுமையான பக்கவிளைவுகள் தலைகாட்டும்போது நிறுத்தி, அதற்கு ஒரு படி கீழே உள்ள அளவைத் தேர்ந்தெடுப்பார்கள். இது பழைய கீமோதெரபி காலத்து வழி. அங்கே ‘மருந்து கூடினால் புற்றுநோய் செல்கள் கூடுதலாகச் சாகும்’ என்ற கணக்குக்கு அர்த்தம் இருந்தது.

புற்றுநோயின் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும் இன்றைய மாத்திரைகளில் கதையே வேறு. புரதம் அடைபட்ட பிறகு, கூடுதல் மருந்தால் கூடுவது பெரும்பாலும் அவஸ்தைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அளவை ஏற்றலாமா என்பதை முதல் மூன்று, நான்கு வாரப் பாதிப்பைப் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்வார்கள். மாத்திரையோ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடரும். பக்கவிளைவுகளை அளக்கும் அட்டவணையில், வழக்கத்தைவிட தினமும் 4 முதல் 6 முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு என்றால் அது இரண்டாம் படி, அதாவது ‘மிதமானது’. பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் கேட்டால், அதற்கு ‘மிதமானது’ என்று பெயர் வைப்பாரா?

நோயாளிகளே நடத்திய சர்வே

நான்காம் நிலை மார்பகப் புற்றுநோயோடு வாழ்ந்த அமெரிக்கரான ஆன் லோசர், 2019-ல் இதற்காகவே நோயாளிகளின் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ‘எங்களுக்கு ஏற்ற அளவில் மருந்து’ என்பதே அதன் கோரிக்கை. கோரிக்கையோடு நிற்காமல், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 1,221 பேரிடம் ஒரு சர்வே எடுத்தார்கள். 2021-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் மாநாட்டில் அதன் முடிவுகள் இடம்பிடித்தன.

சிகிச்சையால் குறிப்பிடத்தக்க பக்கவிளைவு ஒன்றாவது வந்ததாகச் சொன்னவர்கள் 86 சதவிகிதம். அவர்களில் ஐந்தில் ஒருவர் அவசர சிகிச்சைக்கோ மருத்துவமனைக்கோ ஓடியிருக்கிறார். 43 சதவிகிதம் பேர் ஒரு தவணை சிகிச்சையையாவது தவறவிட்டிருக்கிறார்கள். பக்கவிளைவுக்காக அளவு குறைக்கப்பட்ட 556 பேரில் 83 சதவிகிதம் பேருக்கு நிம்மதி கிடைத்திருக்கிறது. அளவைப் பற்றி டாக்டரிடம் பேசத் தயார் என்றவர்கள் 92 சதவிகிதம். அதிகம் கஷ்டப்பட்டவர்களே இப்படிப்பட்ட சர்வேக்களுக்கு முன்வந்து பதில் சொல்லியிருக்கலாம்தான். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒதுக்கிவிடக்கூடிய எண்கள் இல்லை இவை.

அளவைக் குறைப்பது புரட்சியும் அல்ல. இந்த நோய்க்குப் பரவலாகத் தரப்படும் பால்போசிக்ளிப் மருந்தின் குறிப்பிலேயே 125 மில்லிகிராம் தாங்கவில்லை என்றால் 100, அதுவும் முடியாவிட்டால் 75 என்று இருக்கிறது. ஆனால், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாகப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதும், நிறுத்துவதும் ஆபத்து.

அரசும் அசைந்தது

அளவு பற்றி ஆராய்ச்சியாளர்கள் பலரும் வருடங்களாகப் பேசிவந்தார்கள் என்பதால், மாற்றத்தின் பெருமை முழுவதையும் நோயாளிகளுக்கே எழுதிவிட முடியாது. ஆனால், ‘தாங்க முடிகிறது’ என்ற சொல்லுக்கு நிஜ அர்த்தம் என்ன என்பதை அவர்களைத் தவிர வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, 2021-ல் ‘புராஜெக்ட் ஆப்டிமஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. புற்றுநோய் மருந்துகளின் அளவைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றுவதுதான் நோக்கம். 2024 ஆகஸ்ட்டில் வந்த அதன் இறுதி வழிகாட்டுதல், ஒப்புதலுக்கு முன்பே ஒன்றுக்கும் மேற்பட்ட அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருந்து நிறுவனங்களுக்குச் சொல்கிறது. மருந்து உடம்பை என்ன பாடுபடுத்துகிறது என்று நோயாளிகளே தரும் பதில்களையும் அந்த ஒப்பீட்டில் பயன்படுத்தலாம் என்கிறது.