உலைக்கு ஒரு கவசம்

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறியவர்கள் அப்பாறைகளின் திண்மையை அறிவர். விண்ணிலிருந்து பொழியும் கதிர்களைத் தடுக்க மலையே கவசமாகும் என்றுதான் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்குப் போடி மேற்கு மலையை அறிவியலார் தேர்ந்தனர். 2015இல் மத்திய அரசும் இசைந்தது.

அணுப்பிணைவு உலைக்கு மலையைப் போர்த்த இயலுமோ? அங்கே டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்து பிறக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் சுமந்து செல்லும். மின்னூட்டம் அற்ற அதனைக் காந்தம் கட்டாது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அதன் வேகத்தைத் தணிக்கும். போரான் அதனை விழுங்கும். எஃகு காமாக் கதிரை மட்டுப்படுத்தும். கவசம் தளர்ந்தால், சுழிக்குக் கீழ் 269 பாகையில் குளிர்ந்திருக்கும் காந்தச் சுருள்கள் சூடேறிச் செயலிழக்கும்.

பிரான்சில் எழும் ஐட்டர் உலையின் இரட்டைச் சுவரிடையே பொருத்தப்படும் போரான் எஃகுக் கட்டைகள் நம் நாட்டின் பங்களிப்பாகும். அடுப்பை மூட்டுமுன் சுவரைக் கட்டுதல் அறிவுடைமையன்றோ?