தோட்டத்துச் சேமிப்பில் வாங்கிய வீடு: வாடகைக்கு விடும் முன் கவனிக்க வேண்டியவை

தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று சிரம்பான், செனவாங், நீலாய், பஹாவ் பக்கத்துத் தாமான்களில் சொந்த வீடு இருக்கிறது. சிலர் இன்னொரு வீட்டையும் வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வீட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் இபிஎஃப் பணம், அம்மா கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம், தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீடு. இப்படிப்பட்ட பணம் ஒரு முறைதான் கைக்கு வரும்.

நிலத்தில் பணம் போடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே பறிபோயின. அதற்கு மாற்றாக 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அங்கே பத்திரங்களைப் பார்க்கச் சங்கம் இருந்தது. தனியாக வீடு வாங்கும்போது அந்த வேலை முழுவதும் நம்முடையது.

முதலில் கிராண்டைப் பாருங்கள்

முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்ய வேண்டும். கட்டணம் சிறிய தொகைதான். உரிமையாளர் யார், வங்கிக் கடன் இருக்கிறதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, குத்தகை நிலம் என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

நெகிரி செம்பிலானில் இது மேலும் முக்கியம். இங்கே மலாய் ஒதுக்கீட்டு நிலங்களோடு ரெம்பாவ், கோலப்பிலா, ஜெலுபு, தம்பின் வட்டாரங்களில் ‘அடாட்’ எனப்படும் மரபுவழி நிலங்களும் உண்டு. இவற்றை நம்மவர் பெயருக்கு மாற்ற முடியாது. ‘விலை மலிவு, பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம்’ என்று தரகர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் உரிமை வராது.

மலிவு விலை வீடு என்றால் ‘செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்’ என்ற பகுதியைப் படிக்க வேண்டும். மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். சில வீடமைப்புத் திட்டங்களில் வாடகைக்கு விடவே தடை உண்டு. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நிரந்தரவாசி குடியுரிமை பெற்றவர் அல்லர் என்பதால், தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவின்படி மாநில அரசின் முன் அனுமதி தேவைப்படும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

200,000 வெள்ளி வீட்டுக்கு 180,000 வெள்ளி கடன், 35 ஆண்டு, வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 797 வெள்ளி. வாடகை 900 வெள்ளி வந்தால் மாதம் 103 வெள்ளி லாபம் போலத் தெரியும். ஆண்டுக்கு 1,236 வெள்ளி.

ஆனால் ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தாலே 900 வெள்ளி போய்விடும். மிச்சம் 336 வெள்ளி. மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, ஒழுகும் கூரை, பழுதான தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அதற்குள் பார்க்க வேண்டும். ஆகவே பல மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். வாங்கும்போதே பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி இந்த விலைக்கு 3,000 வெள்ளி. முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 100,000க்கு 2 விழுக்காடு என்பது அதன் கணக்கு. வழக்கறிஞர் கட்டணம் தனி.

தெரிந்தவர் என்றாலும் ஒப்பந்தம் தேவை

‘நம்ம தோட்டத்துப் பையன்தானே’ என்று வாய்வார்த்தையில் சாவியைக் கொடுப்பது நம்மிடையே வழக்கம். பிரச்சினை வந்தபின் உறவும் போகும், வாடகையும் போகும். வாடகைத் தொகை, கட்ட வேண்டிய தேதி, காலம், முன்வைப்புத் தொகை, பழுதுபார்ப்பது யார் பொறுப்பு, வெளியேற எத்தனை மாத முன்னறிவிப்பு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வைப்பது நல்லது.

இரண்டு மாத வாடகை பாதுகாப்புத் தொகை, அரை மாத வாடகை மின்சாரம் தண்ணீருக்கான தொகை, முதல் மாத வாடகை ஆகியவற்றை முன்கூட்டியே வாங்குவது வழக்கம். 900 வெள்ளி வாடகைக்கு இது மொத்தம் 3,150 வெள்ளி. மின்கணக்கை வாடகைக்காரர் பெயருக்கு மாற்றிவிட்டால் பாக்கி உங்கள் தலையில் விழாது.

ஒப்பந்தத்துக்கு 30 நாள்களுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். 2025 முதல் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு இப்போது இல்லை. மாதம் 900 வெள்ளி வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 44 வெள்ளி, ஈராண்டு என்றால் 132 வெள்ளி. 2026 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்கு இந்த வரியை நாமே கணக்கிட்டு இணையத்தில் கட்டும் முறை வந்துள்ளது. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதால், இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாடகை வரவில்லை என்றால்

பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது, மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது என்று சிலர் கோபத்தில் இறங்கிவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு இதற்கு இடம் தரவில்லை. ஒப்பந்தம் முடிந்தபின்னும் வாடகைக்காரர் உள்ளே இருந்தால், நீதிமன்ற உத்தரவு வழியாக மட்டுமே அவரை வெளியேற்ற முடியும். மீறினால் பணம் பாக்கி வைத்தவர் வழக்குப் போடுபவராக மாறிவிடுவார்.

சரியான வழி இது. முதலில் எழுத்தில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பாக்கி 5,000 வெள்ளிக்குள் இருந்தால், வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். வாடகைக் காலம் நடப்பில் இருக்கும்போதே 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, 12 மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய உத்தரவு பெறலாம். எதற்கும் காலமும் செலவும் ஆகும். அதனால் இரண்டாம் மாதப் பாக்கியிலேயே செயல்படுவது நல்லது.

தொழிற்சாலைக்கு வீடு கொடுப்பவர்கள்

நீலாய், செனவாங் பக்கம் அந்நியத் தொழிலாளர்களைத் தங்க வைக்க நிறுவனங்கள் வீடு கேட்டு வருவதுண்டு. வாடகை நன்றாக இருக்கும். ஆனால் தொழிலாளர் தங்குமிடத்துக்கு முதலாளி 446 சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையின் சான்றிதழ் பெற வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெர்மிட் இல்லாதவர்கள் தங்குவதை அனுமதித்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவின்படி ஒவ்வொருவருக்கும் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வரியை மறைக்க வேண்டியதில்லை

வாடகை வருமானத்தைப் பிஇ பாரத்தில் காட்ட வேண்டும். கடனுக்கான வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். தவணையில் அசலுக்குப் போகும் பகுதியைக் கழிக்க முடியாது. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். நிலவரி நோட்டீஸையும் அலட்சியப்படுத்த வேண்டாம். நோட்டீஸ் கெடு தாண்டினால் நிலமே அரசுக்குப் போகலாம்.

விற்க நினைத்தால் வாங்கிய தேதியைப் பாருங்கள். மலேசியக் குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை.

யார் பெயரில் வீடு?

வயதான பெற்றோருக்கு நீண்ட காலக் கடன் கிடைப்பது கடினம். அதனால் அப்பாவின் பணத்தைப் போட்டு, மகன் அல்லது மகள் பெயரில் வீடு வாங்குகிறார்கள். நாளை பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வந்தால் சட்டம் முதலில் பார்ப்பது கிராண்டில் உள்ள பெயரைத்தான். முடிந்தால் பங்கின் அளவோடு இருவர் பெயரையும் பதியுங்கள். முடியாவிட்டால், யார் எவ்வளவு போட்டார் என்பதை வழக்கறிஞர் முன்னிலையில் எழுதி வையுங்கள். உயிலும் எழுதி வைத்தால் நல்லது. பால் வெட்டிச் சேர்த்த காசு அடுத்த தலைமுறைக்குச் சண்டையாகப் போய்ச் சேரக் கூடாது.